சென்டென்ஸ் கரெக்‌ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிச் சேர்க்கைக்கான ஆங்கிலத் தேர்வுகளில் ஒருவகைக் கேள்வி உண்டு. வாக்கியத்தில் ஒரு பகுதி அடிக்கோடிடப்பட்டிருக்கும், அல்லது ஓர் இடம் காலியாக இருக்கும். நான்கைந்து ஆப்ஷன்களில் இலக்கணப்படி சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் பேசி வளர்ந்தவர்கள் இந்தக் கேள்விகளைப் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

இப்போது எந்தெந்தத் தேர்வுகளில் இந்தக் கேள்விகள் வருகின்றன?

‘சென்டென்ஸ் கரெக்‌ஷன்’ என்ற பெயரைப் பிரபலமாக்கியது, மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட். அதில் ஐந்து ஆப்ஷன்கள் இருக்கும். முதல் ஆப்ஷன் அடிக்கோடிட்ட பகுதியை மாற்றமில்லாமல் அப்படியே திரும்பச் சொல்லும். 2023 நவம்பரில் ஜிமேட் ஃபோகஸ் எடிஷன் வந்தபோது இந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பழைய வடிவமும் 2024 ஜனவரி 31-உடன் முடிந்துபோனது. இப்போது ஜிமேட்டின் வெர்பல் (மொழித்திறன்) பகுதியில் 45 நிமிடத்துக்கு 23 கேள்விகள். ரீடிங் காம்ப்ரிஹென்ஷன், கிரிட்டிக்கல் ரீசனிங் இரண்டும்தான்.

இன்று இந்த வகை முழு உயிரோடு இருப்பது அமெரிக்க இளநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான எஸ்ஏடி, ஏசிடி இரண்டிலும். எஸ்ஏடி 2023 மார்ச்சில் அமெரிக்காவுக்கு வெளியிலும், 2024 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிஜிட்டல் தேர்வானது. அதன் ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதியில் 54 கேள்விகள், 64 நிமிடம். அவற்றில் 11 முதல் 15 வரை ‘ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ் கன்வென்ஷன்ஸ்’, அதாவது இலக்கணமும் நிறுத்தக்குறிகளும். ஒரு சிறு பத்தி, அதில் ஒரு காலியிடம், நான்கு ஆப்ஷன்கள் என்று கேள்வி வரும். ஏசிடியின் இங்கிலீஷ் பகுதியில் அடிக்கோடிட்ட பகுதிக்கு மாற்று கேட்பார்கள். 2025-இல் வந்த புதிய வடிவத்தில் 35 நிமிடத்துக்கு 50 கேள்விகள். முதுநிலைப் படிப்புகளுக்கான ஜிஆர்இயில் நேரடி இலக்கணக் கேள்வி கிடையாது.

பழைய ஜிமேட் கேள்விகளை வைத்துப் பயிற்சி செய்வதில் பயன் உண்டா?

நீங்கள் எழுதப்போவது ஜிமேட் என்றால் வேண்டாம். அந்த நேரத்தை கிரிட்டிக்கல் ரீசனிங்குக்குக் கொடுங்கள். எஸ்ஏடியோ ஏசிடியோ எழுதுகிறவர்களுக்கு மாடிஃபையர் (ஒரு பெயரை விவரிக்கும் அடை), ஒப்பீடு, பேரலலிசம் (பட்டியலில் எல்லாம் ஒரே வடிவில் இருப்பது) ஆகிய மூன்றிலும் பழைய ஜிமேட் கேள்விகள் அருமையான பயிற்சி. ஆனால் ஜிமேட் நிறுத்தக்குறிகளைப் பெரிதாகச் சோதித்ததில்லை. எஸ்ஏடியோ அதை நிறையவே சோதிக்கிறது. அந்தக் குறையை வேறு கேள்விகளால்தான் நிரப்ப வேண்டும்.

வீட்டில் ஆங்கிலம் பேசாத என்னால் இதில் நல்ல மதிப்பெண் எடுக்க முடியுமா?

முடியும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் பெரும்பாலும் காதை நம்பித்தான் விடை குறிப்பார்கள். ‘தெர்ஸ் டூ புக்ஸ் ஆன் தி டேபிள்’ என்று அன்றாடம் பேசிப் பழகிய காதுக்கு அதில் தவறே தெரியாது. எழுத்து வழக்கில் அது தவறு. ‘தெர் ஆர்’ என்றிருக்க வேண்டும். கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காதுக்கு இனிமையாக இருக்கும் தவறான ஆப்ஷன் ஒன்றும், கொஞ்சம் கரடுமுரடாகத் தோன்றும் சரியான ஆப்ஷன் ஒன்றும் அடிக்கடி அருகருகே வருவது அதனால்தான்.

நமக்கு அந்தக் காது பாதிதான் உண்டு. அதனால் நாம் வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்: எழுவாய் எது, பயனிலை எது, இந்தச் சொல் எதைத் தழுவி நிற்கிறது என்று. பள்ளியில் இலக்கணக் குறிப்பு எழுதியபோது செய்ததும் இதே வேலைதான். தேர்வு கேட்பதும் சரியாக இதைத்தான். ‘எனக்கு ஃப்ளுவென்சி இல்லை’ என்ற கவலையை இந்தப் பகுதியில் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை.

ஒரு கேள்வியைப் பார்த்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முழு வாக்கியத்தையும் படியுங்கள். அடிக்கோடிட்ட பகுதியை மட்டும் படித்துவிட்டு ஆப்ஷனுக்குத் தாவுவது பலரிடம் உள்ள பழக்கம். தவறுக்கான காரணம் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியேதான் இருக்கும்.

அடுத்து, ஆப்ஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். வினை மட்டும் மாறினால் கேள்வி ஒருமை பன்மை பற்றியது அல்லது காலம் பற்றியது. கமாவும் செமிகோலனும் மாறினால் வாக்கிய எல்லை பற்றியது. எழுவாய் இடம் மாறிக்கொண்டே இருந்தால் மாடிஃபையர். என்ன சோதிக்கிறார்கள் என்பதை ஆப்ஷன்களே காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் வளர்த்துக்கொண்டாலே வேகம் நன்றாகக் கூடும்.

ஒன்றைச் செய்து பார்ப்போம்: ‘தி கலெக்‌ஷன் ஆஃப் ரேர் காயின்ஸ், டொனேட்டட் பை டூ பிரதர்ஸ், ____ நவ் ஆன் டிஸ்ப்ளே.’ ஆப்ஷன்கள்: ‘ஆர்’, ‘வேர்’, ‘பீயிங்’, ‘இஸ்’. நான்கும் வினை வடிவங்கள். சரி, எழுவாயைத் தேடுவோம். இரண்டு கமாக்களுக்கு நடுவில் இருப்பதை விரலால் மறையுங்கள். ‘ஆஃப் ரேர் காயின்ஸ்’ என்பதையும் மறையுங்கள். மிச்சம் ‘தி கலெக்‌ஷன் ____ நவ் ஆன் டிஸ்ப்ளே’. எழுவாய் ஒருமை, ஆகவே ‘ஆர்’, ‘வேர்’ இரண்டும் போயிற்று. ‘பீயிங்’ போட்டால் வாக்கியத்துக்கு முற்றுவினையே இல்லாமல் போகும். விடை ‘இஸ்’. காயின்ஸ், பிரதர்ஸ் என்று இரண்டு பன்மைகளை நடுவில் வைத்திருப்பது உங்களை ‘ஆர்’ பக்கம் இழுக்கத்தான்.

ஒருமை பன்மையில்தான் அதிகம் தவறு செய்கிறேன். ஏன்?

பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு நாம் பன்மை வினையை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. ‘இரண்டு பஸ் வந்தது’ என்றுதான் சொல்வோம். எழுதும்போதுகூட ‘வந்தன’ என்று போட ஒரு நொடி நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுவாயையும் வினையையும் பொருத்திப் பார்க்கும் வேலை நமக்குத் தானாக நடக்காது. வேண்டுமென்றே செய்ய வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் பொறிகள் சில உண்டு. ‘அண்ட்’ இரண்டு பெயர்களைச் சேர்த்தால் பன்மை. ஆனால் ‘அலாங் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’, ‘இன் அடிஷன் டு’ ஆகியவை சேர்க்காது: ‘தி டீச்சர், அலாங் வித் ஹர் ஸ்டூடன்ட்ஸ், இஸ் வெயிட்டிங்’ என்பதே சரி. ‘ஈச்’, ‘எவ்ரி’ எழுவாயாகவோ எழுவாய்க்கு முன்னாலோ வந்தால் ஒருமை. ‘ஐதர்… ஆர்’, ‘நைதர்… நார்’ வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ரைசிங்’ ஒருமை, ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் அப்சென்ட்’ பன்மை. முதலாவதில் எண்ணிக்கை உயர்கிறது. இரண்டாவதில் வராமல் போனவர்கள் மாணவர்கள். ‘டீம்’, ‘கமிட்டி’ போன்ற கூட்டப்பெயர்கள் அமெரிக்கத் தேர்வுகளில் ஒருமை. பிரிட்டிஷ் வழக்கில் பன்மையாகவும் வரும் என்பதால் சிலர் குழம்புவதுண்டு.

எழுவாய் வினைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் உண்டு. ‘பிஹைண்ட் தி ஹவுஸ் ஆர் டூ ஓல்ட் ட்ரீஸ்’ என்பதில் எழுவாய் மரங்கள், வீடு அல்ல. ‘ஆஃப்’, ‘இன்’, ‘பிஹைண்ட்’ போன்ற சொற்களை ஒட்டி வரும் பெயர் எழுவாயாக இருக்கவே முடியாது என்பதை மனதில் வையுங்கள்.

மாடிஃபையர் தவறு என்றால் என்ன? எனக்கு அது எப்போதும் கண்ணில் படுவதில்லை.

உங்களுக்கு அது தமிழில் நன்றாகவே கண்ணில் படும். ‘கதவைத் திறந்து நாய் வெளியே ஓடியது’ என்றால் கதவைத் திறந்தது யார்? நாய்தான். ‘திறந்து’ என்ற வினையெச்சம் யாருடைய செயல் என்று நீங்கள் யோசிக்கவே இல்லை. முற்றுவினையின் எழுவாயே எச்சத்துக்கும் எழுவாய் என்று மனம் தானாக எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘ஓபனிங் தி டோர், தி டாக் ரான் அவுட்’ என்ற வாக்கியமும் அதையேதான் சொல்கிறது. கதவைத் திறந்தது நான் என்றால் ‘வென் ஐ ஓபன்ட் தி டோர், தி டாக் ரான் அவுட்’ என்று எழுத வேண்டும். தமிழிலும் ‘நான் கதவைத் திறந்ததும் நாய் ஓடியது’ என்று எச்சத்துக்குத் தனி எழுவாய் கொடுத்துவிடுகிறோம் அல்லவா?

ஓர் எச்சரிக்கை. தமிழில் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று சொல்லலாம். ஒன்று காரணம், மற்றது அதன் விளைவு என்பதால் இரண்டு எழுவாய்களை நம் மொழி ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத் தேர்வு இந்தச் சலுகையைத் தருவதில்லை. தொடக்கத்தில் ஒரு சொற்றொடரும் கமாவும் வந்தால், கமாவுக்கு அடுத்து வரும் பெயர்தான் அந்தச் சொற்றொடருக்கு உரியவர். ‘யார், எது?’ என்று கேளுங்கள். பதில் கமாவுக்கு அடுத்தே நிற்க வேண்டும்.

உரிமைப் பெயரை வைத்து ஏமாற்றுவது இதில் மிகவும் பிடித்த உத்தி. ‘பார்ன் இன் வார்சா, மேரி கியூரிஸ் சயின்டிஃபிக் கரியர் பிகேன் இன் பாரிஸ்.’ வார்சாவில் பிறந்தது யார்? மேரி கியூரி. ஆனால் கமாவுக்கு அடுத்து நிற்கும் எழுவாய் அவருடைய ‘கரியர்’. கரியர் வார்சாவில் பிறக்கவில்லை. ‘பார்ன் இன் வார்சா, மேரி கியூரி பிகேன் ஹர் சயின்டிஃபிக் கரியர் இன் பாரிஸ்’ என்பதே சரி. நான்கு ஆப்ஷன்களும் நீளநீளமாக, ஒவ்வொன்றும் வேறு எழுவாயில் தொடங்கினால், முழுவதையும் படிக்காதீர்கள். ஒவ்வொன்றின் எழுவாயை மட்டும் பாருங்கள். பல நேரங்களில் மூன்று ஆப்ஷன்கள் அங்கேயே விழுந்துவிடும்.

‘விச்’ விஷயமும் இதோடு சேர்ந்ததே. ‘ஷி மிஸ்ட் தி டிரெயின், விச் அப்செட் ஹர்’ என்று எல்லோரும் பேசுகிறார்கள். பழைய ஜிமேட் இதை ஏற்காது. கமாவுக்குப் பின் வரும் ‘விச்’ அதற்கு முன்னால் நிற்கும் பெயரைச் சுட்ட வேண்டும் என்பது அதன் கணக்கு. தமிழில் ‘மேசையில் இருந்த புத்தகம்’ என்று பெயரெச்சத்தைப் பெயரோடு ஒட்டியே வைக்கிறோம். நடுவில் வேறு பெயரை நுழைத்தால் பொருள் மாறிவிடும். ஆங்கிலத்தில் இந்த அடை பெயருக்குப் பின்னால் வருகிறது. ஒட்டி நிற்க வேண்டும் என்பது மட்டும் பொது.

பேரலலிசத்தை எப்படிச் சரிபார்ப்பது?

பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரே வடிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘அவளுக்குப் பாடவும் ஆடவும் ஓவியமும் பிடிக்கும்’ என்றால் உங்களுக்கே ஏதோ உறுத்தும். ‘ஷி லைக்ஸ் சிங்கிங், டான்சிங், அண்ட் டு பெயின்ட்’ என்பதிலும் அதே உறுத்தல்தான். ‘பெயின்டிங்’ என்று மாற்றினால் தீர்ந்தது.

கொஞ்சம் கவனம் தேவைப்படுவது இரட்டைச் சொற்களில்: ‘நாட் ஒன்லி… பட் ஆல்சோ’, ‘போத்… அண்ட்’, ‘ஐதர்… ஆர்’. இவற்றின் முதல் பாதிக்குப் பிறகு என்ன வடிவம் வருகிறதோ, இரண்டாம் பாதிக்குப் பிறகும் அதே வடிவம் வர வேண்டும். ‘ஹி நாட் ஒன்லி பிளேஸ் தி வயலின் பட் ஆல்சோ தி ஃப்ளூட்’ தவறு. முதல் பாதிக்குப் பின் வினை, இரண்டாம் பாதிக்குப் பின் பெயர். ‘ஹி பிளேஸ் நாட் ஒன்லி தி வயலின் பட் ஆல்சோ தி ஃப்ளூட்’ சரி. ஜோடியையும் உடைக்கக் கூடாது: ‘போத்’ வந்தால் ‘அண்ட்’தான் வரும், ‘ஆஸ் வெல் ஆஸ்’ வராது. ‘பிட்வீன்’ வந்தாலும் ‘அண்ட்’தான், ‘டு’ அல்ல.

ஒப்பீட்டுக் கேள்விகள்?

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் முழுக் கேள்வியும். ‘தி பாப்புலேஷன் ஆஃப் ஜப்பான் இஸ் லார்ஜர் தேன் கேனடா’ என்றால் மக்கள்தொகையை ஒரு நாட்டோடு ஒப்பிட்டாயிற்று. ‘தேன் தட் ஆஃப் கேனடா’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘ஜப்பானின் மக்கள்தொகை கனடாவைவிட அதிகம்’ என்று தாராளமாகச் சொல்கிறோம், யாருக்கும் தவறாகப் படாது. அதனாலேயே இந்தத் தவறு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ‘தேன்’, ‘லைக்’, ‘அன்லைக்’, ‘கம்பேர்ட் வித்’ எங்கே கண்ணில் பட்டாலும் இரு பக்கமும் ஒரே இனமா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று: பெயருக்கு முன் ‘லைக்’, எழுவாயும் வினையும் உள்ள தொடருக்கு முன் ‘ஆஸ்’.

கமா, செமிகோலன், கோலன், டாஷ் எல்லாம் ஒரே குழப்பம். எங்கிருந்து தொடங்குவது?

எஸ்ஏடி எழுதுகிறவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நல்ல செய்தி என்னவென்றால் இங்கே ரசனைக்கு இடமே இல்லை. விதி தெரிந்தால் மதிப்பெண் நிச்சயம்.

ஒரே ஒரு திறமை போதும்: ஒரு தொடர் தனியாக நிற்கும் முழு வாக்கியமா, இல்லையா என்று சொல்லத் தெரிய வேண்டும். எழுவாயும் முற்றுவினையும் இருந்து, ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘விச்’ போன்ற சார்புச் சொல் இல்லாவிட்டால் அது முழு வாக்கியம். ‘தி ரிவர் ஃப்ளோயிங் த்ரூ தி வேலி’ நீளமாக இருந்தாலும் முழு வாக்கியம் அல்ல. ‘பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு’ என்று அந்தரத்தில் நிற்கிறது. ‘தி ரிவர் ஃப்ளோஸ்’ மூன்றே சொல், ஆனால் முழு வாக்கியம்.

இது கைவந்துவிட்டால் மற்றவை தானாக வரும். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக் கூடாது. ‘இட் ரெயின்ட் ஆல் நைட், தி ரோட் வாஸ் ஃப்ளடட்’ தவறு. முற்றுப்புள்ளி போடலாம், செமிகோலன் போடலாம், கமாவோடு ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’ போடலாம். ‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’ ஆகியவை ‘பட்’, ‘ஸோ’ போல ஒட்டும் சொற்கள் அல்ல. அவற்றுக்கு முன்னால் செமிகோலனோ முற்றுப்புள்ளியோ வேண்டும். இந்த ‘ஹவ்எவர்’ பொறி எஸ்ஏடிக்கு ரொம்பப் பிடிக்கும். அது முந்தைய வாக்கியத்தின் கடைசிச் சொல்லா, அடுத்ததன் முதல் சொல்லா என்பதைப் பொருளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.

கோலனுக்கு முன்னால் முழு வாக்கியம் இருக்க வேண்டும். பின்னால் பட்டியலோ விளக்கமோ என்னவும் வரலாம். நடுவில் செருகிய தகவலுக்கு இரண்டு பக்கமும் ஒரே குறி: கமாவில் தொடங்கினால் கமாவில் முடியும், டாஷில் தொடங்கினால் டாஷில். எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் ஒற்றைக் கமா வரவே கூடாது, எழுவாய் எவ்வளவு நீளமானாலும். ‘பிசிசிஸ்ட் மேரி கியூரி’ என்று தொழிலை அடைமொழியாகப் பெயருக்கு முன் வைத்தால் கமா வேண்டாம். ‘மேரி கியூரி, எ பிசிசிஸ்ட்,’ என்று பின்னால் விளக்கினால் இரு பக்கமும் கமா வேண்டும்.

இன்னொரு குறுக்குவழி, ஆனால் நியாயமானது. இரண்டு ஆப்ஷன்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்து, ஒன்றில் முற்றுப்புள்ளியும் மற்றதில் செமிகோலனும் மட்டும் வேறுபட்டால் இரண்டுமே தவறாகத்தான் இருக்கும். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. இரண்டு சரியான விடைகள் இருக்க முடியாதே.

காலம் பற்றிய கேள்விகளுக்கு டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. பத்தியில் காலத்தைக் காட்டும் சொல்லைத் தேடுங்கள். ‘இன் 1903’ என்றால் சாதாரண இறந்தகாலம். ‘சின்ஸ் 1990’ என்றால் பெரும்பாலும் ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேவ்’. ‘ஹேட்’ போட்ட வடிவத்தை, இறந்தகாலத்தில் நடந்த இரண்டில் முந்தியதைக் காட்ட வேண்டிய தேவை இருந்தால் மட்டும் எடுங்கள். குறிப்பு எதுவும் இல்லையென்றால் பக்கத்து வாக்கியங்களின் காலமே உங்கள் காலம்.

‘இட்ஸ்’, ‘தே’ போன்றவற்றில் தடுமாறுகிறேன்.

அபாஸ்ட்ரஃபி உள்ள ‘இட்ஸ்’ என்றால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’. விரித்துப் படியுங்கள், பொருள் வரவில்லையென்றால் அபாஸ்ட்ரஃபி இல்லாததே சரி. பிரதிப்பெயர் எந்தப் பெயருக்காக வந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். நிறுவனம், நாடு, குழு ஆகியவற்றுக்கு ‘இட்’. பேச்சில் ‘தே’ என்று சொன்னாலும் தேர்வில் கூடாது.

இடியம் (மரபுத்தொடர்) பட்டியல்களை மனப்பாடம் செய்வது நல்லதா?

நூற்றுக்கணக்கில் பட்டியல் போட்டு உருப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஸ்ஏடி இலக்கணத்தில் அவற்றுக்குப் பெரிய இடமில்லை. ஏசிடியில் அவ்வப்போது வரும். அதைவிடப் பயனுள்ளது, நாம் பழக்கத்தால் செய்யும் தவறுகளை மட்டும் திருத்திக்கொள்வது. ‘பற்றி’ என்ற சொல் நாக்கில் ஊறியிருப்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்கிறோம்; ‘டிஸ்கஸ்’ மட்டும் போதும். ‘கம்ப்ரைசஸ் ஆஃப்’ வேண்டாம், ‘கம்ப்ரைசஸ்’. ‘ரிடர்ன் பேக்’ வேண்டாம், ‘ரிடர்ன்’. ‘கோப் அப் வித்’ வேண்டாம், ‘கோப் வித்’. ‘ப்ரிஃபர் டீ தேன் காபி’ அல்ல, ‘ப்ரிஃபர் டீ டு காபி’. எண்ணக்கூடியதற்கு ‘ஃப்யூவர்’, எண்ண முடியாததற்கு ‘லெஸ்’.

‘பீயிங்’ வந்தால் தவறு, சின்ன ஆப்ஷனே சரி, பாஸிவ் வாய்ஸ் கூடாது என்கிறார்களே?

மூன்றையும் விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பீயிங்’ பல தவறான ஆப்ஷன்களில் வருவது உண்மை; முற்றுவினை இருக்க வேண்டிய இடத்தில் அதைச் செருகுவார்கள். ஆனால் ‘பீயிங் லேட் இஸ் நாட் எ க்ரைம்’ என்பதில் அது எழுவாயாகவே நிற்கிறது, முழுக்கச் சரி. செய்தவர் முக்கியமில்லாத இடத்தில் பாஸிவ் இயல்பானது. சுருக்கம் பற்றிச் சொல்வதில் மட்டும் பாதி உண்மை உண்டு: ஏசிடியில் ஒரே பொருளை இருமுறை சொல்லும் ஆப்ஷனை, ‘ஆன்யுவலி எவ்ரி இயர்’ போல, தவறாகவே கருதுவார்கள். மற்றபடி இலக்கணப் பிழையுள்ள சின்ன ஆப்ஷனைவிடப் பிழையில்லாத பெரிய ஆப்ஷனே விடை.

இரண்டு ஆப்ஷன்கள் மிஞ்சும்போது எப்படி முடிவுசெய்வது?

பொருளிடம் போங்கள். இரண்டும் இலக்கணப்படி நிற்கின்றன என்று தோன்றினால் அவை ஒரே செய்தியைச் சொல்கின்றனவா என்று கேளுங்கள். ‘ஒன்லி தி டீச்சர் சா தி லெட்டர்’ என்றால் ஆசிரியர் மட்டும்தான் பார்த்தார், வேறு யாரும் பார்க்கவில்லை. ‘தி டீச்சர் சா ஒன்லி தி லெட்டர்’ என்றால் அவர் கடிதத்தை மட்டும் பார்த்தார், வேறு எதையும் பார்க்கவில்லை. தமிழில் ‘மட்டும்’ எந்தச் சொல்லை ஒட்டி வருகிறதோ அதையே தழுவும். ஆங்கிலத்திலும் ‘ஒன்லி’யை அப்படியே படியுங்கள். ஒவ்வொரு ஆப்ஷனையும் மனதுக்குள் ஒரு வரித் தமிழாக்கிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில் உதவும். வாக்கியம் உண்மையில் என்ன சொல்கிறது என்பது அப்போது மறைக்க முடியாதபடி வெளியே வந்துவிடும். எல்லாக் கேள்விக்கும் இதைச் செய்ய நேரம் போதாது. மிஞ்சிய இரண்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

நேரம் எப்படிப் பங்கிடுவது?

எஸ்ஏடியின் ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதி மாட்யூல் என்ற இரண்டு பாதிகளாக வரும்; ஒரு மாட்யூலுக்கு 27 கேள்வி, 32 நிமிடம். சராசரியாக ஒரு கேள்விக்கு 71 நொடி. ஏசிடியில் 42 நொடி. இலக்கணக் கேள்விகளை இந்தச் சராசரிக்கும் குறைவான நேரத்தில் முடித்தால், எஸ்ஏடியில் கடினமான வாசிப்புக் கேள்விகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். இரண்டு தேர்விலும் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எனவே எதையும் காலியாக விட்டுவிடாதீர்கள்.

பயிற்சியை எங்கிருந்து தொடங்க? எவ்வளவு கேள்வி போட வேண்டும்?

எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் எஸ்ஏடி மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கான் அகாடமியிலும் இலவசப் பயிற்சி உண்டு. அதிகாரபூர்வக் கேள்விகளை முதலில் தீர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வெளியில் கிடைக்கும் கேள்விகள் பலவற்றில் பொறி வைக்கும் நுட்பம் வேறாக இருக்கும். சிலவற்றில் விடையே விவாதத்துக்குரியதாக இருக்கும்.

தவறு செய்த ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எதைச் சோதித்தார்கள், நான் எடுத்த ஆப்ஷன் என்னை எதனால் இழுத்தது, அது ஏன் தவறு. கடைசி வரியைத் தமிழில், உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். விடைக்குறிப்பில் உள்ள ஆங்கில விளக்கத்தைப் பார்த்து எழுதினால் புரிந்ததுபோல் இருக்கும், அடுத்த வாரம் அதே தவறு திரும்பி வரும். ஊகித்துச் சரியான விடைகளையும் இந்த நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் அவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள்.

வாக்கியத்தில் தவறே தெரியவில்லை. ‘நோ சேஞ்ச்’ குறிக்கப் பயமாக இருக்கிறது.

ஏசிடியில் ‘நோ சேஞ்ச்’ மற்ற ஆப்ஷன்களைப் போல ஒரு நேர்மையான ஆப்ஷன். கேள்வி என்று வந்துவிட்டாலே தவறு இருந்தாக வேண்டும் என்ற எண்ணம்தான் சரியான வாக்கியத்தைக் கெடுக்கச் சொல்கிறது. எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா, அடைகள் உரிய பெயரை ஒட்டி நிற்கின்றனவா, எல்லைக் குறி சரியா என்று பார்த்துவிட்டீர்கள். மற்ற மூன்று ஆப்ஷன்களிலும் சுட்டிக்காட்டக்கூடிய ஒரு தவறு இருக்கிறது. அப்படியானால் ‘நோ சேஞ்ச்’ குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். முந்தைய இரண்டு கேள்விக்கும் அதையே குறித்திருந்தாலும் பரவாயில்லை.